வாசல் இல்லாத கடை

அண்ணி உள்ளே வந்தபோது கடையில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று, கைப்பேசி உறைகள் தொங்கும் சுவரைப் பார்த்தபடி ஓரமாக நின்றார். கடை காலியானதும் கைப்பைக்குள்ளிருந்து அண்ணனின் கைப்பேசியை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.

"தம்பி, இதுல ஆறாயிரத்துச் சொச்சம் இருக்குதாம். உங்க அண்ணன் சொல்றாரு. அத எடுத்துக் குடுத்துருங்க. பெரியவளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்."

திரையில் மேல் மூலையிலிருந்து கீழ்வரை விரிசல். விரிசலுக்குப் பின்னால் பச்சைத் துணி விரித்த முட்டை வடிவ மேசை, சுற்றிலும் ஆறு நாற்காலி. வலது மூலையில் தங்க நிறத்தில் 6,412. அது போக்கர் என்ற சீட்டாட்டத்தின் செயலி. நான் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தேன். சிப் என்ற பந்தய வில்லையை வைத்து ஆட வழி இருக்கிறது, நண்பருக்கு அனுப்ப வழி இருக்கிறது, பூப்போட்ட மேசை வாங்க வழி இருக்கிறது. காசாக எடுக்க மட்டும் வழி இல்லை. விதிமுறைப் பக்கத்தைத் திறந்தேன். இது பொழுதுபோக்குக்கான விளையாட்டு, இந்தச் சிப்புக்குப் பண மதிப்பு எதுவும் கிடையாது என்று முதல் பத்தியிலேயே எழுதியிருந்தது.

பிறகு புலனத்தை (வாட்ஸ்அப்) திறந்தேன். சிப்பைக் காசாக மாற்றித் தரும் ஏஜெண்டின் பெயருக்குப் பக்கத்தில் படம் இல்லை, சாம்பல் நிறத் தலை மட்டும். அண்ணன் அனுப்பிய பதினேழு செய்திகளுக்கும் ஒற்றை டிக். அந்த ஆள் கடைசியாக எழுதியது: "அண்ணே திங்கக்கெழம செட்டில் பண்ணிருவோம்." அந்தத் திங்கட்கிழமை போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"இங்க நம்பர் காட்டுதே தம்பி" என்று அண்ணி விரலை வைத்துக் காட்டினார். காட்டத்தான் செய்தது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் பதினான்கு வருடமாகக் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறேன். அப்பா எல்பில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இன்னும் தோட்டத்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவர்கள்: செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர், பாதுகாவலர், ஈப்போவுக்குத் தொழிற்சாலை பஸ் ஏறும் பெண்கள். ஒரு கைப்பேசியைத் திறந்து கொடுத்தால் ஒரு வீட்டின் கதவையே திறந்து கொடுத்த மாதிரி. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டேன். அண்ணி அனுமதி கொடுத்ததால் இதை மட்டும் எழுதுகிறேன். இணையப் போக்கர் தளங்களுக்கு அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்துக் கட்டுப்படுத்த வேண்டுமா என்று என்னைக் கேட்டால், வேண்டும் என்பேன். நான் சீட்டு ஆடுகிறவன் இல்லை. யாரும் ஆடாமல் இருந்தால் சந்தோஷப்படுகிறவன். அப்படியிருந்தும் வேண்டும் என்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த 'கிளப்' எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. செயலியை நடத்துகிற நிறுவனம் வேறு நாட்டில் இருக்கிறது. அது வெறும் மேசையும் சிப்பும் கொடுக்கிறது. அதற்குள் யார் வேண்டுமானாலும் ஒரு கிளப் தொடங்கலாம். தொடங்கியவர் தனக்குக் கீழே ஏஜெண்டுகளைப் போடுகிறார். ஏஜெண்ட் நம்ம ஊர்க்காரனாக இருப்பான், கல்யாணத்தில் பார்த்த முகமாக இருப்பான். நீங்கள் அவன் வங்கிக் கணக்கில் 100 வெள்ளி (ரிங்கிட்) போட்டால் உங்கள் பெயரில் 100 சிப் ஏறும். ஜெயித்தால் சிப்பை எடுத்துக்கொண்டு காசு போடுவான். செயலிக்கும் இந்தக் காசுக்கும் எழுத்தில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் மேசைமேல் சேர்ந்த பந்தயத்தில் நூற்றுக்கு இத்தனை என்று கிளப் எடுத்துக்கொள்ளும். அதில் ஏஜெண்டுக்குப் பங்கு. யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் ஆட்டம் நடக்க நடக்க அவர்களுக்கு வருமானம்.

இதில் எல்லாவற்றையும்விட மோசமானது கிரெடிட். காசே போடாமல் சிப் ஏற்றிக் கொடுப்பார்கள். வாரம் முழுக்க ஆடு, திங்கட்கிழமை கணக்குப் பார்ப்போம். அண்ணன் தோற்ற வாரங்களில் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே செய்தி வந்திருக்கிறது, நான் பார்த்தேன். முதலில் மரியாதையாக, பிறகு மரியாதை இல்லாமல். ஒரு வாரம் வீட்டுக் கேட்டைப் படம் பிடித்து, ஒரு வார்த்தையும் எழுதாமல், படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறான். அண்ணன் பயந்துபோய் ஊழியர் சேமநிதியின் மூன்றாவது கணக்கிலிருந்து எடுத்துக் கட்டியிருக்கிறார். 2024 மே மாதம் திறந்தார்களே, எப்போது வேண்டுமானாலும் 50 வெள்ளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று, அந்தக் கணக்கு. வயதான காலத்துக்கு என்று சேர்ந்த பணம் விரல்பட்ட வேகத்தில் போயிருக்கிறது. எட்டு மாதத்தில் பதினோராயிரத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார். குறைந்தபட்சச் சம்பளமே 1,700 ரிங்கிட் உள்ள நாட்டில் பதினோராயிரம் என்றால் எத்தனை மாத வேர்வை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த எட்டு மாதத்தில் ஒரே ஒரு வாரம் அவர் பெரிதாக ஜெயித்தார். அந்த வாரம்தான் கிளப் காணாமல் போனது.

"ஒரு ரிப்போர்ட் போட்டுருவோமா தம்பி?" என்றார் அண்ணி.

நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. பலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, போனால் முதலில் கேட்கப்போவது 'உங்க வீட்டுக்காரர் அங்க என்ன செஞ்சாரு' என்றுதான். நம் நாட்டில் சூதாட்டத்தைப் பிடிக்கும் சட்டங்கள் 1953ஆம் ஆண்டைச் சேர்ந்தவை: பந்தயச் சட்டம், பொதுச் சூதாட்ட இல்லங்கள் சட்டம். சுதந்திரத்துக்கு நான்கு வருடம் முந்தியவை. மலாயாவுக்குத் தொலைக்காட்சியே 1963இல்தான் வந்தது. வீடு, கடை, மேசை, அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்கள், இவற்றை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. சூதாட்ட இல்லத்தில் ஆடிப் பிடிபட்டால் 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கைப்பேசிக்குள் இருப்பது 'இல்லமா' என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும். அண்ணியின் மனத்தில் பயம் விழுந்தால் போதும், அவர் பலாய் வாசலை மிதிக்க மாட்டார்.

சரி, சிவில் வழக்கு? 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கிறது. ஜெயித்த பணத்தைக் கேட்டு எந்த நீதிமன்றத்திலும் நிற்க முடியாது. கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டு வருகிறவனுக்கும் இதே சட்டம்தான். ஆனால் அவன் நீதிமன்றத்துக்குப் போகிறவன் இல்லை. வீட்டுக் கேட்டில் சிவப்புச் சாயம் ஊற்றுகிறவன். சட்டத்துக்கு வெளியே இரண்டு பேரும் நிற்கிறார்கள், ஒருவன் கையில் சாயவாளி இருக்கிறது, இன்னொருவர் கையில் விரிசல் விட்ட கைப்பேசி.

என்னை உறுத்துவது இதுதான். தடை என்று நாம் சொல்வது ஆடுகிறவனைத் தடுக்கவில்லை. ஏமாந்தவனின் வாயைத்தான் அடைத்திருக்கிறது.

தடை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும், அதை உடைத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் சூதாட்டத் தளங்களை வருடா வருடம் முடக்கிக்கொண்டேதான் இருக்கிறது. முடக்குவது என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ் மட்டத்தில், அதாவது முகவரிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழிப்பது. வேறு முகவரிப் புத்தகத்தைக் காட்டினால் தளம் திறந்துவிடும். கைப்பேசியில் அதற்கு நாற்பது விநாடி போதும். "அண்ணே, இது தொறக்க மாட்டேங்குது" என்று நீட்டுவார்கள். என்ன தளம் என்று கேட்காமல் ஐந்து வெள்ளிக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். 2024 செப்டம்பரில் அந்த வழியையும் அடைக்க ஆணையம் முயன்றது. பொது டிஎன்எஸ் கோரிக்கைகளை எல்லாம் உள்ளூர்ச் சேவையகத்துக்கே திருப்பிவிடச் சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் அமைச்சரே நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்த வாரம் என் கடையில் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. அண்ணன் கைப்பேசியில் அதைச் செய்தது நானா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில்லை. செய்திருக்கலாம். இப்போது செய்வதில்லை.

பக்கத்து மாநிலமான கெடாவைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் அங்கே நாலு நம்பர் லாட்டரிக் கடைகளுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கவில்லை. என் தாய்மாமா சுங்கை பட்டாணியில் இருக்கிறார், எழுபது வயது. முன்பு புதன், சனி, ஞாயிறு கடைக்கு நடந்து போய் இரண்டு வெள்ளிக்கு நம்பர் எடுப்பார். அச்சடித்த சீட்டு கையில் இருக்கும், அடித்தால் கொண்டுபோய் நீட்டினால் காசு. இப்போது ஒரு தம்பிக்குப் புலனத்தில் நம்பரை அனுப்புகிறார். சீட்டு கிடையாது. "அடிச்சா தருவான்" என்கிறார். தராவிட்டால்? "தராட்டி என்னா பண்றது" என்கிறார். முன்பு இரண்டு வெள்ளியில் நின்றது. இப்போது எவ்வளவு என்று என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

நம் நாடு சூதாட்டத்துக்கு லைசென்ஸ் கொடுத்ததே இல்லை என்றால் இந்தப் பேச்சு வேறு. கெந்திங் மலையில் கேசினோ 1971இலிருந்து நடக்கிறது. அதன் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை, 21 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. மெக்னமும் டோட்டோவும் 1969ஐ ஒட்டிப் பிறந்த லாட்டரி நிறுவனங்கள். ஆக, சூதாட்டத்தோடு எப்படி நடந்துகொள்வது என்று இந்த அரசாங்கத்துக்குத் தெரியும். இஸ்லாம் கூட்டரசின் சமயமாக இருக்கும் நாட்டில் புதிதாக ஒரு சூதாட்டச் சட்டத்தில் கையெழுத்துப் போட எந்த அமைச்சருக்கும் தயக்கம் இருக்கும், அது எனக்குப் புரிகிறது, மதிக்கிறேன். ஆனால் மலைமேல் வாசலில் அடையாள அட்டை பார்த்து உள்ளே விட முடிகிறது. கைப்பேசியில் மைகாட் அடையாள அட்டை எண்ணும் முகமும் சரிபார்த்துத்தான் இன்று வங்கிக் கணக்கே திறக்கிறார்கள். அதே சோதனையை இங்கே வைக்க முடியாதா?

இதை எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவரிடம் சொன்னேன். என்னைப் படிக்க வைத்தவர். தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கள்ளுக்கடைக்கு வெள்ளைக்காரன் லைசென்ஸ் குடுத்தான். என்னா ஆச்சு?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. வாத்தியார் சொன்னது உண்மை. தோட்டத்துக்குத் தோட்டம் உரிமம் பெற்ற கள்ளுக்கடை இருந்தது. சம்பளம் கொடுக்கும் கையும் அதைத் திரும்ப வாங்கும் கையும் ஒரே வேலிக்குள். அரசாங்கத்துக்கு வருமானம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. துப்பாக்கிக்கு முன்னால் நின்று கேட்டார்கள். அந்த மனிதர்களின் பேரன் நான். லைசென்ஸ் என்ற சொல்லை நான் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் பாட்டி சொன்ன ஒன்றும் என் நினைவில் இருக்கிறது. தாத்தா குடிப்பார். சம்பள நாளன்று பாட்டி, சம்பளம் போடும் பெரட்டுக்களத்துக்குப் போக மாட்டாராம். நேராகக் கள்ளுக்கடை வாசலில் போய் நிற்பாராம், இடுப்பில் என் அப்பாவை வைத்துக்கொண்டு. தாத்தா வருவார், பாட்டியைப் பார்ப்பார், மடியிலிருந்து அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார். சில மாதம் சண்டை, சில மாதம் அடி. ஆனால் நின்றாள். நிற்க ஓர் இடம் இருந்தது. கடைக்குத் திறக்கும் நேரம் இருந்தது, மூடும் நேரம் இருந்தது, வாசல் இருந்தது. அந்தக் கடை மூடியபின் எங்கள் தோட்டத்துக்குச் சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. பிளாஸ்டிக் பொட்டலத்தில், லயத்துக்குப் பின்னால், இருட்டில். பாட்டி எங்கே போய் நிற்பாள்? "கள்ளுக்காவது வாசல் இருந்துச்சு" என்பார்.

அண்ணி வந்து போன இரவு எனக்கு அந்த வாசல் ஞாபகம்தான். அண்ணன் படுக்கையில் போர்வைக்குள் ஆடியிருக்கிறார். பக்கத்தில் அண்ணி தூங்கியிருக்கிறார்.

ஆகவே வாத்தியாருக்கு நான் சொல்லும் பதில் இது. லைசென்ஸ் என்பது விற்கிறவனுக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டாக மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். அந்த லைசென்ஸில் என்ன எழுதியிருக்கிறது, யார் பக்கம் எழுதியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்கு நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை, நடந்தே இருக்கிறது. 2011 ஏப்ரல் 15. அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் ஒரே நாளில் மூன்று பெரிய போக்கர் நிறுவனங்கள்மீது குற்றம் சாட்டி, தளங்களைக் கைப்பற்றினார்கள்: போக்கர்ஸ்டார்ஸ், ஃபுல் டில்ட், அப்சல்யூட் போக்கர். போக்கர் உலகம் அதைக் கறுப்பு வெள்ளி என்கிறது. இவற்றில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் லைசென்ஸ் உள்ளவை. போக்கர்ஸ்டார்ஸின் லைசென்ஸ் ஐல் ஆஃப் மேன் தீவில், ஃபுல் டில்டின் லைசென்ஸ் ஆல்டர்னி என்ற, இரண்டாயிரம் பேர் அளவில் வாழும் குட்டித் தீவில். போக்கர்ஸ்டார்ஸ் ஆட்டக்காரர்களின் பணத்தைத் தன் செலவுப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்திருந்தது. ஐல் ஆஃப் மேன் விதி அப்படி. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குச் சில வாரங்களில் பணம் திரும்பத் தொடங்கியது. ஃபுல் டில்ட் உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 390 மில்லியன் டாலர். வங்கியில் இருந்தது சுமார் 60 மில்லியன். மீதி எங்கே? உரிமையாளர்களுக்குப் பங்காகப் போயிருந்தது என்று அரசுத் தரப்பு சொன்னது. திரையில் மட்டும் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவரவர் தொகை சரியாகக் காட்டிக்கொண்டே இருந்தது. அண்ணியின் 6,412 மாதிரியே.

ஆல்டர்னி அதன் லைசென்ஸை ஜூன் மாதக் கடைசியில் நிறுத்திவைத்து, செப்டம்பரில் ரத்து செய்தது. பணம் போனபின் ரத்து செய்து என்ன? கடைசியில் 2012இல் போக்கர்ஸ்டார்ஸே அமெரிக்க அரசோடு 731 மில்லியன் டாலருக்குச் சமரசம் செய்து ஃபுல் டில்டின் சொத்துகளை வாங்கியது. அதிலிருந்துதான் ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. அமெரிக்கர்களுக்கு 2014 வரை காத்திருப்பு.

இரண்டு பேரிடமும் லைசென்ஸ் இருந்தது. ஒரே நாளில் ஒரே அடி. ஒருவருடைய ஆட்டக்காரர்கள் சில வாரத்தில் பணத்தைப் பார்த்தார்கள், இன்னொருவருடையவர்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். வித்தியாசம் 'ஆட்டக்காரர் பணம் தனிக் கணக்கில்' என்ற விதி. இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நான் ஒரு பக்கம் மட்டும் பேசுகிறேன் என்றாகும். அல்டிமேட்பெட் என்ற தளத்தில் உள்ளே இருந்தவர்களுக்கு மற்றவர்களின் மூடிய சீட்டுகள் தெரிந்தன. அதற்குக் கனடாவின் கானவாகே ஆணையம் லைசென்ஸ் கொடுத்திருந்தது. ஆணையம் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டக்காரர்கள்தான், ஆயிரக்கணக்கான ஆட்டங்களின் பதிவை எடுத்துவைத்து, ஒருவர் மட்டும் இத்தனை துல்லியமாக எப்படி விலகுகிறார், எப்படி ஏற்றுகிறார் என்று கணக்குப் போட்டுப் பிடித்தார்கள். பிறகு 22 மில்லியன் டாலருக்கு மேல் திருப்பித் தரச் சொன்னது ஆணையம். தூங்குகிற காவல்காரன்தான், ஆனால் தட்டி எழுப்ப ஒரு காவல்காரன் இருந்தான். அண்ணனின் ஆட்டப் பதிவுகளை நானும் ஓர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தேன். அவர் மேசையில் எந்நேரமும் அதே இரண்டு பெயர்கள். ஒருவர் பந்தயத்தை ஏற்றினால் மற்றவரும் ஏற்றுகிறார், நடுவில் அண்ணன் மாட்டிக்கொள்கிறார், அவர் விலகியதும் இரண்டு பேரில் ஒருவர் அமைதியாக விலகிவிடுகிறார். இரவுக்கு இரவு. கூட்டாக ஆடினார்கள் என்று என் மனம் சொல்கிறது. அதை எடுத்துக்கொண்டு யாரிடம் போவேன்?

தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்கள், எங்களைப் பாருங்கள் என்பீர்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். 2022இல் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் சட்டமன்றம் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடை செய்த பகுதி செல்லாது என்றது. பிறகு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று விதிகள் வந்தன. 2025 ஜூனில் அதே நீதிமன்றம் அவற்றை ஏற்றது. ஆகஸ்ட் மாதம் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் அனைத்தையும் தடை செய்து சட்டம் இயற்றிவிட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற அந்த வாதத்தில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. போக்கரில் திறமை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். திறமை இருப்பதால்தான் அண்ணன் மாதிரி ஆட்கள் தொடர்ந்து தோற்கிறார்கள். நள்ளிரவு விதிதான் எனக்குப் பிடித்தது. அந்த ஐந்து மணி நேரத்தை எழுதியவர் எந்த வீட்டையோ அருகிலிருந்து பார்த்திருக்கிறார்.

சிங்கப்பூரில் இன்னும் ஒரு படி. கேசினோவுக்குள் போக அந்நாட்டவர் ஒரு நாளைக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி கட்ட வேண்டும். அதைவிட முக்கியம், குடும்பத்தார் விண்ணப்பித்து ஒருவரை உள்ளே விடாமல் தடுக்க முடியும். மனைவி போய்ச் சொல்லலாம், பிள்ளை போய்ச் சொல்லலாம். பிரிட்டனில் ஓர் இடத்தில் பெயர் கொடுத்தால் லைசென்ஸ் உள்ள எல்லாத் தளமும் அந்த ஆளுக்கு மூடிக்கொள்ளும். 2020 ஏப்ரலிலிருந்து அங்கே கடன் அட்டையில் சூதாட முடியாது. கடனுக்கு ஆடக்கூடாது என்ற இந்த ஒற்றை விதி நம் நாட்டில் இருந்து, அதை மீறினால் பிடுங்க ஒரு லைசென்ஸும் இருந்திருந்தால், அண்ணனின் திங்கட்கிழமைகள் இல்லை.

நான் கேட்பது அதிகம் இல்லை. ஆட்டக்காரர் பணம் தனிக் கணக்கில், கிரெடிட் அறவே கூடாது, இரவில் மூட வேண்டும், மனைவிக்கோ தாய்க்கோ அடைக்கும் உரிமை வேண்டும், தமிழிலும் பேசக்கூடிய ஒரு புகார் முகப்பு வேண்டும். கூடவே, லைசென்ஸ் கொடுத்துக் கண்காணிக்கும் பொறுப்பு நிதியமைச்சிடம் இருக்கக்கூடாது. வரி வாங்குகிற கையே கண்காணிக்கவும் செய்தால் கள்ளுக்கடைக் கதைதான். ஏமாந்து வந்து சொல்கிறவர்மேல் வழக்குப் போட மாட்டோம் என்ற உறுதியும் எழுத்தில் இருக்க வேண்டும். இவை இல்லாத லைசென்ஸ் என்றால் நான் வாத்தியார் பக்கம்.

எங்கள் ஊருக்கு இது புரியாத விஷயமே இல்லை. முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அப்பா அந்த ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். பால் ஊறிய விரலில் பிடித்து மஞ்சளாகிப்போன காகிதங்கள். படிக்கத் தெரியாது, ஆனால் ஒன்றைத் தொலைத்ததில்லை. கொடுத்த பத்து வெள்ளிக்குக் கையில் ஒரு காகிதம், காகிதத்தில் ஒரு முகவரி, அந்த முகவரிக்குப் போனால் பதில் சொல்ல ஒரு ஆள்.

அண்ணி மறுவாரம் திரும்பி வந்தார். கைப்பேசியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். அண்ணனே சொல்லி அனுப்பியிருக்கிறார், அது கையில் இருந்தால் மறுபடி கை போகும் என்று. நான் விலை சொன்னேன். விற்பதற்கு முன் உள்ளே உள்ளதை எல்லாம் அழிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"அந்த நம்பரும் போயிருமா?"

"போயிரும் அண்ணி."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பேப்பர்ல எடுத்துக் குடுங்க தம்பி. என்னைக்காவது கேக்குறதுக்கு ஒரு எடம் வந்தா காட்டலாம்ல."

மேசைப் படத்தையும், 6,412ஐயும், அந்தப் பதினேழு ஒற்றை டிக்கையும் திரைப்பிடிப்பு எடுத்து, தேதி தெரியும்படி இரண்டு தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லியும் ஒரு வெள்ளித் தாளைக் கண்ணாடிமேல் வைத்தார். தாள்களை நான்காக மடித்து, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், அழித்துவிடுங்கள் என்றார்.